பெயராகக் கூடாத சொற்கள்

கணிப்பொறிக்கு எழுதும் நிரலில் கட்டளைச் சொற்கள் உண்டு. நிரலர் தாமே சூட்டும் பெயர்களும் உண்டு. ஐ.பி.எம். நிறுவனம் 1960களில் உருவாக்கிய பி.எல். ஒன் மொழியில் இரண்டுக்கும் இடையே வேலியில்லை. 'இஃப் இஃப் = தென் தென் தென் = எல்ஸ்' என்று எழுதினாலும் மொழிபெயர்ப்பி இடம் பார்த்துப் பொருள் கொள்ளும். படிக்கும் மனிதர் பாடுதான் திண்டாட்டம்!

நிக்லாஸ் விர்த் 1970இல் வெளியிட்ட பாஸ்கல் மொழியோ கட்டளைச் சொற்களைப் பெயராக வைக்கக் கூடாதென ஒதுக்கியது. அதன் செந்தரத்தில் அவை 35. ஒரு சொல்லை முழுவதும் படித்த பிறகே பட்டியலில் தேடவேண்டும். அவசரப்பட்டால் 'ஃபார்ம்' என்ற பெயரின் தலை 'ஃபார்' என்ற கட்டளையாக வெட்டுப்பட்டுவிடும்.

2018இல் பைத்தான் 3.7 'ஏசிங்க்' என்ற சொல்லை ஒதுக்கியது. அதைப் பெயராகக் கொண்டிருந்த பழைய நிரல்கள் பிழையென்று நின்றன. 2021இல் 'மேட்ச்' சேர்ந்தபோது அதை ஒதுக்கவில்லை, பி.எல். ஒன் போலவே இடம் பார்த்துப் பொருள் கொள்ள வைத்தனர்.