திருகோணமலைத் துறைமுகமும் இரு வல்லரசுகளும்

பொன்னும் மணியும் விளையாத ஓரிடத்துக்காக வல்லரசுகள் பொருதியதுண்டு. நமது திருகோணமலைத் துறைமுகம் அத்தகையது. அதன் விலையை நிருணயித்தது காற்று.

பதினெட்டாம் நூற்றாண்டிலே ஆங்கிலேயர் சென்னையிலும், பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியிலும் நிலைகொண்டிருந்தனர். ஆயினும் சோழமண்டலக் கரையிற் பெருங்கப்பல்களுக்குப் புகலிடம் இல்லை. ஐப்பசியில் வாடைக்காற்றும் புயலும் எழும்; பாய்க்கப்பல்கள் கரையைவிட்டு நீங்கவேண்டும். ஆங்கிலக் கடற்படை பம்பாய் சென்று மீளும்வரை கரை காவலற்றுக் கிடக்கும். பிரெஞ்சுக்காரரின் தளமான மொரீசியஸ் தீவோ நெடுந்தொலைவிலுள்ளது. எக்காற்றிலும் கப்பல்கள் தங்கத்தக்க ஆழ்ந்த துறை, அக்கரைக்கு அண்மையில் திருகோணமலையே. அதுவோ ஒல்லாந்தர் வசம் இருந்தது.

1780இன் இறுதியில் பிரித்தானியா ஒல்லாந்தின்மீது போர் தொடுத்தது. 1782 ஜனவரியில் அட்மிரல் ஹியூஸ் திருகோணமலையைக் கைப்பற்றினார். அவ்வாண்டு ஓகஸ்ட் இறுதியிற் பிரெஞ்சுத் தளபதி சுப்ரன் சில நாட்களில் அதனைப் பறித்துக்கொண்டார். உதவிக்கு விரைந்துவந்த ஹியூஸ் கண்டது கோட்டையிற் பறந்த பிரெஞ்சுக் கொடியையே. செப்டெம்பர் 3ஆம் நாள் நிகழ்ந்த கடற்போரில் எவர்க்கும் முழுவெற்றி கிட்டவில்லை. துறைமுகம் பிரெஞ்சுக்காரரிடமே நின்றது. பின்னர் சமாதான உடன்படிக்கையால் அது மீண்டும் ஒல்லாந்தரைச் சேர்ந்தது.

இத்துணைக் கைமாற்றங்களிலும் இந்நாட்டவரின் விருப்பத்தைக் கேட்டவர் யார்? கண்டி மன்னர் 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையாற் கரையோர உரிமையை ஒல்லாந்தரிடம் இழந்திருந்தார். 1782இல் ஆங்கிலத் தூதர் ஹியூ பொய்ட், இராசாதிராசசிங்க மன்னரை நாடிக் கண்டி சென்றார். 1762இல் வந்த பைபஸ் என்பாரின் தூது பயனற்றுப் போனதைக் கண்டி அரசவை மறக்கவில்லை. பொய்ட் வெறுங்கையராய்த் திரும்பினார். வழியிற் பிரெஞ்சுக்காரரிடம் சிறைப்பட்டார்.

கண்டியின் ஐயம் வீண்போகவில்லை. 1795இல் ஆங்கிலேயர் மீண்டும் திருகோணமலையைப் பிடித்தனர். 1802இல் ஏமியன்ஸ் உடன்படிக்கை இலங்கையின் கரையோரத்தை அவர்க்கே உறுதியாக்கியது. 1815இற் கண்டியும் வீழ்ந்தது. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் அத்துறைமுகத்திற் குண்டு பொழிந்தன. ஆங்கிலக் கடற்படைத்தளம் 1957இலேதான் நம் அரசிடம் வந்தது.

பாய்க்கப்பற் காலம் மறைந்துவிட்டது. துறைமுகத்தின் மதிப்போ மறையவில்லை. வாயிலிலே செல்வம் இருந்தாற் போதாது; கதவின் திறவுகோல் வீட்டாரிடம் இருக்கவேண்டும். திருகோணமலை நமக்குப் புகட்டும் பாடம் இதுவே.