தேவபயம்

கடவுளின் பரிசுத்தத்தையும் வல்லமையையும் உணர்ந்து, எப்போதும் அவர் பார்வையில் இருக்கிறோம் என்ற நினைவோடு நடப்பதைக் கிறிஸ்தவர்கள் தேவபயம் என்பர். கத்தோலிக்க மரபு இதைத் தூய ஆவியின் ஏழு கொடைகளுள் ஒன்றாகக் கொள்கிறது. பழைய ஏற்பாட்டின் ஞான நூல்களில் ஞானம் தொடங்கும் இடமே இதுதான். ஆயினும் வேதாகமம் இதைப் பிறவிக் குணமாகக் கருதவில்லை. பழகிப் பழகி மனதில் படிய வேண்டிய ஒன்றாகவே காட்டுகிறது. அது படிந்திருப்பதற்கான அடையாளம், எதிர்த்துப் பேச வலுவில்லாதவரிடம் ஒருவர் நடந்துகொள்ளும் முறை.

லேவியராகமத்தின் 19, 25ஆம் அதிகாரங்கள் இதைக் கண்கூடாக்குகின்றன. காது கேளாதவரைத் திட்டக் கூடாது. பார்வையற்றவர் வழியில் இடறும் பொருளை வைக்கக் கூடாது. நரைத்த தலையைக் கண்டால் எழுந்து நிற்க வேண்டும். நொடித்துப்போன சகோதரனிடம் வட்டி வாங்கக் கூடாது. வேலைக்கு வந்தவனைக் கொடுமையாக ஆளக் கூடாது. இவை ஒவ்வொன்றோடும் தேவனுக்குப் பயப்படும்படியான கட்டளையும் சேர்ந்தே வருகிறது. திட்டியது காது கேளாதவருக்கு எட்டாது. கல்லை வைத்தவர் யார் என்பது பார்வையற்றவருக்குத் தெரியாது. வேறு சாட்சியே இல்லாத அந்த இடத்தில் கடவுள் சாட்சியாக நிற்கிறார்.

பிறக்கும் எபிரெய ஆண் குழந்தைகளைக் கொன்றுவிடும்படி எகிப்தின் பார்வோன் மருத்துவச்சிகளுக்கு உத்தரவிட்டான். அவர்களுள் சிப்பிராள், பூவாள் என்ற இருவரும் கீழ்ப்படியவில்லை. அவர்கள் தேவனுக்குப் பயந்தார்கள் என்பதே யாத்திராகமம் கூறும் காரணம். பார்வோன் இன்னான் என்று பெயர் சொல்லாத அந்நூல், இந்த இரு பெண்களின் பெயரைக் குறித்து வைத்திருக்கிறது.

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எருசலேமின் அலங்கத்தைக் கட்ட வந்த நெகேமியாவின் கதை இன்னும் விரிவானது. பஞ்சத்தில் மக்கள் வயலையும் திராட்சைத் தோட்டத்தையும் வீட்டையும் அடகு வைத்திருந்தார்கள். ராஜாவுக்குத் தீர்வை கட்டக் கடன் வாங்கியிருந்தார்கள். பிள்ளைகளை அடிமைகளாகக் கொடுக்கும் நிலைக்கும் வந்திருந்தார்கள். கடன் கொடுத்திருந்த பிரபுக்களைக் கூட்டி, தேவபயம் எங்கே போயிற்று என்று நெகேமியா கடிந்துகொண்டார். அடகுப் பொருளையும் வட்டியையும் திருப்பிக் கொடுக்க வைத்தார். முந்தைய அதிபதிகள் அப்பமும் திராட்சை ரசமும் போக 40 சேக்கல் வெள்ளியும் மக்களிடம் வாங்கிவந்தனர். நெகேமியா 12 ஆண்டுகள் அதிபதியாக இருந்தும் அந்தப் படியைத் தொடவில்லை. 150 பேர் அவர் பந்தியில் சாப்பிட்டுவந்த நிலையிலும் வாங்கவில்லை. தேவனுக்குப் பயந்ததால் அப்படிச் செய்தேன் என்று அவரே எழுதுகிறார். சட்டப்படி வாங்கக்கூடியதையும் பிறர் சுமை கருதி விட்டுவிடுவது தேவபயத்தின் மிக உயர்ந்த வடிவம் எனலாம்.

இந்தப் பயத்தைக் கற்பிக்கப் பழைய இஸ்ரவேலில் முறையான ஏற்பாடு இருந்தது. உபாகமத்தின்படி 7 ஆண்டுகளுக்கு ஒருமுறை, கூடாரப் பண்டிகையில், ஆண், பெண், குழந்தைகள், அந்நியர் எல்லாரும் கூடியிருக்க நியாயப்பிரமாணத்தை வாசிக்க வேண்டும். ராஜா தனக்கென ஒரு பிரதி எழுதி வைத்து, ஆயுள் முழுதும் அதை வாசிக்க வேண்டும்.

6ஆம் நூற்றாண்டில் காசாவில் வாழ்ந்த துறவி தொரோத்தேயு, தேவபயத்தைப் பெறும் வழி பற்றித் தனியே ஓர் உரை ஆற்றியிருக்கிறார். மரணத்தை நினைத்திரு, பகல் எப்படிக் கழிந்தது என்று மாலையிலும், இரவு எப்படிக் கழிந்தது என்று காலையிலும் உன்னைச் சோதித்துப்பார், நாவை அடக்கு, தேவபயமுள்ள ஒருவரோடு நெருங்கிப் பழகு என்பவை அவர் சொன்ன வழிகள். கடைசி வழி பெரும்பாலும் வீட்டிலேயே கிடைத்துவிடுகிறது. விடியுமுன் எழுந்து ஜெபிக்கும் பாட்டியைப் பார்த்து வளரும் பேரப்பிள்ளைக்குத் தனியே பிரசங்கம் தேவைப்படுவதில்லை.

பூரண அன்பு பயத்தைத் துரத்திவிடும் என்ற கருத்து யோவானின் முதல் நிருபத்தில் உண்டு. கர்த்தருக்குப் பயப்படும் பயம் என்றும் நிலைக்கும் என்பது சங்கீதம் 19இன் கருத்து. இவ்விரண்டும் முரணாகாது என்று ஓர் உவமையால் விளக்கியவர் திருச்சபைத் தந்தை அகஸ்டின். கணவன் வந்துவிடுவானோ என்று அஞ்சுபவள் துரோகம் செய்யும் மனைவி. அவன் விட்டுப்போய்விடுவானோ என்று அஞ்சுபவள் உண்மையான மனைவி. முன்னது அன்பு வந்ததும் விலகும், பின்னது அன்போடு சேர்ந்தே வளரும். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இப்பயங்களை இன்னும் நுணுக்கமாகப் பிரித்து, அடிமையின் பயத்துக்கும் பிள்ளையின் பயத்துக்கும் உள்ள வேற்றுமையை நிலைநாட்டினார்.

அடிமையின் பயம் ஒருவரை என்ன பாடு படுத்தும் என்பதற்கு மார்ட்டின் லூதரே சாட்சி. எர்ஃபர்ட் மடத்தில் இளந்துறவியாக இருந்தபோது, ஏதேனும் ஒரு பாவத்தை அறிக்கையிடாமல் விட்டுவிட்டோமோ என்ற நடுக்கம் அவரை ஓயவிடவில்லை. அப்படி வதைபட்டவர் பயம் என்ற சொல்லையே ஒதுக்கியிருந்தாலும் வியப்பில்லை. ஆனால் 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில், பத்துக் கட்டளைகளுள் முதலாவதற்கு அடுத்த ஒவ்வொரு கட்டளையின் விளக்கத்தையும் தேவனுக்குப் பயந்து அவரை நேசிப்பதிலிருந்தே தொடங்குகிறார்.

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த லூத்தரன் மிஷனரி சீகன்பால்க் அந்நூலைத் தமிழாக்கினார். திடப்படுத்தலுக்கு முன் லூத்தரன் சபைப் பிள்ளைகள் படிக்கும் பாடம் அது. கொலை செய்யாதே என்பதன் விளக்கத்தில் அயலானின் ஆபத்தில் உதவுவதும், களவு செய்யாதே என்பதில் மட்டமான சரக்கை விற்று ஏமாற்றாமல் அவன் பிழைப்பைக் காத்துக்கொடுப்பதும், பொய்ச்சாட்சி சொல்லாதே என்பதில் அவனைப் பற்றி நல்லவிதமாகப் பேசுவதும் தேவபயத்தின் கீழேயே வருகின்றன.