கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் எதிர்வாதியின் இடம்

போப் நான்காம் சிக்ஸ்டஸ் 1475இல் அளித்த அனுமதியைக் கொண்டு, மன்னர் முதலாம் கிறிஸ்டியான் 1479இல் நிறுவிய கோபன்ஹேகன் பல்கலைக்கழகம், இடைக்கால ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான சொற்போர் மரபைத் தானும் ஏற்றது. அம்மரபில் ஒரு கருத்தை நிலைநாட்ட முன்வருபவர் 'ரெஸ்பாண்டென்ஸ்' என்றும், அதை மறுக்க எழுபவர் 'ஒப்போனென்ஸ்' என்றும் லத்தீனில் அழைக்கப்பட்டனர். பின்னது டேனிய மொழியில் 'ஒப்போனென்ட்' என நிலைத்து, முனைவர் பட்ட ஆய்வேட்டைப் பொது அவையில் சோதிக்கும் எதிர்வாதியை இன்றும் குறிக்கிறது. பல்கலைக்கழகமே நியமிப்பவர் 'எக்ஸ் ஒஃபீசியோ' எதிர்வாதி, அதாவது பதவியின் கடமையாக மறுப்பவர்; பார்வையாளரிடையே இருந்து அனுமதி பெற்று எழுபவர் 'எக்ஸ் அவுடிடோரியோ' எதிர்வாதி, அதாவது அவையிலிருந்து மறுப்பவர்.

இவ்விருவகையினரும் எதிர்நின்ற புகழ்பெற்ற அவை, 1841 செப்டம்பர் 29 அன்று கூடியது. முரண்நகை என்னும் கருத்தைப் பற்றிய ஆய்வேட்டை டேனிய மொழியில் அளிக்க மன்னரிடம் விண்ணப்பித்து இசைவு பெற்றிருந்த மெய்யியலாளர் சோரன் கீர்க்ககோர், வாய்மொழி வாதத்தை மட்டும் மரபுப்படி லத்தீனிலேயே நிகழ்த்தினார். காலை பத்து மணிக்குத் தொடங்கி, நடுவில் இடைவேளை விட்டு, இரவு ஏழரை வரை நீண்ட அவ்வாதத்தில், மெய்யியல் பேராசிரியர் சிபர்ன் பதவிவழி எதிர்வாதியாக வினவினார். இலக்கியத் திறனாய்வாளர் ஹைபர்கும், சொற்போரில் முன்பே பெயர்பெற்ற, கீர்க்ககோரின் அண்ணன் பீட்டர் கிறிஸ்டியானும் அவையிலிருந்து எழுந்தனர். உடன்பிறந்தவரே எதிர்வாதியாக நிற்பதற்கும் அம்மரபு இடமளித்தது.

தகுந்த எதிர்ப்பு கிட்டாமையே ஆய்வாளருக்குக் குறை என்பதை இயற்பியலாளர் நீல்ஸ் போரின் வாதம் காட்டுகிறது. உலோகங்களின் எலக்ட்ரான் கொள்கையைப் பற்றிய அவரது ஆய்வேட்டை 1911 மே 13 அன்று ஹீகார்ட், கிறிஸ்டியான்சன் ஆகிய இருவர் எதிர்வாதிகளாகச் சோதித்தபோது, அத்துறையை ஆழமாக மதிப்பிட வல்லவர் டென்மார்க்கில் அரியராய் இருந்தமையால், வாதம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. அவ்வாண்டே போர், எலக்ட்ரானைக் கண்டறிந்த ஜே. ஜே. தாம்சனை நாடிக் கேம்பிரிட்ஜ் சென்றார்.

எதிர்வாதத்தை இவ்வாறு மதிக்கும் போக்கு தமிழ்ச் சைவ மரபிலும் உண்டு. அருணந்தி சிவாச்சாரியார் தம் சிவஞான சித்தியாரில் பிற சமயத்தார் கொள்கைகளைப் பரபக்கம் என முதலில் எடுத்துரைத்து மறுத்த பின்னரே, தம் கொள்கையைச் சுபக்கமாக நிறுவினார். எதிர்க்கருத்தைக் கடந்து வராத கொள்கை நிறைவுபெறாது என்னும் தெளிவு, தமிழ்ச் சைவ மரபிலும் டேனியக் கல்வி அவையிலும் தனித்தனியே வேரூன்றியிருந்தது. எனவே கோபன்ஹேகன் அவையில் எதிர்வாதி என்பவர் பகைவர் அல்லர். உண்மையின் பொருட்டு மறுக்கும் பொறுப்பைப் பலரறிய ஏற்று, ஆய்வாளரின் உழைப்புக்கு நிலைபேறு தருபவர்.