டிரெஸ்டன்: அரசுப் பணமும் சில்லுத் தொழிலும்

ஜெர்மனியின் சாக்சனி மாநிலத் தலைநகரான டிரெஸ்டனை 1945-ஆம் ஆண்டுக் குண்டுவீச்சின் வாயிலாகவே நம்மில் பலர் அறிவோம். 1990-க்குப் பின் அந்நகரின் பொருளாதாரம் விழுந்து எழுந்த கதை தமிழில் அதிகம் பேசப்பட்டதில்லை.

கிழக்கு ஜெர்மனியின் கணினி நிறுவனமான ரோபோட்ரானின் தலைமையகம் இங்குதான் இருந்தது. 1988-இல் ஒரு மெகாபிட் நினைவகச் சில்லின் மாதிரியை இவ்வூர்ப் பொறியாளர்கள் அதிபர் ஹோனெக்கரிடம் கொடுத்தனர். ஜப்பானியர் ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்த சரக்குதான் அது. ஆனாலும் அதைச் செய்யத் தெரிந்த கைகள் ஊரில் இருந்தன என்பது பின்னால் உதவியது.

1990 ஜூலை 1 அன்று மேற்கு ஜெர்மனியின் மார்க் கிழக்கிலும் புழக்கத்துக்கு வந்தது. சம்பளங்கள் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் மாற்றப்பட்டன. மக்களுக்கு மகிழ்ச்சி, ஆலைகளுக்கோ சாவோலை. உற்பத்தித் திறன் பழையபடியே இருக்க, கூலியை மட்டும் மேற்கின் நாணயத்தில் கொடுக்கவேண்டி வந்தது. வழக்கமாக வாங்கிவந்த கிழக்கு ஐரோப்பிய நாடுகளிடமோ அந்த நாணயம் இல்லை. அரசு ஆலைகளை விற்கவும் மூடவும் அமைக்கப்பட்ட ட்ராய்ஹாண்ட், 1994 இறுதியில் தன் கடையைக் கட்டியபோது இலட்சக்கணக்கானோர் வேலையிழந்திருந்தனர்.

மாநில முதல்வர் குர்ட் பீடன்கோஃப் (1990-2002) பணத்தை எல்லா ஊர்களுக்கும் சமமாகப் பங்கிடாமல் சில இடங்களில் குவித்தார். 'கலங்கரை விளக்கக் கொள்கை' என்று அதற்குப் பெயர். அரசு மானியத்தின் துணையோடு சீமென்ஸ் வந்தது, ஏ.எம்.டி ஆலை 1999-இல் திறக்கப்பட்டது. வெளிச்சம் படாத சிற்றூர்களிலிருந்து இளைஞர்கள் வெளியேறியதையும் இந்தக் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும். சீமென்ஸ் வழிவந்த கிமொண்டா 2009-இல் திவாலானது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2014-இல் மூடப்பட்டதைக் கண்ட நமக்கு இது புரியும்.

இடையே, 2006-இல் நகராட்சி தனது சுமார் 48,000 குடியிருப்புகளை அமெரிக்க முதலீட்டு நிறுவனமொன்றுக்கு விற்றுக் கடனை அடைத்தது. அப்போது பலரும் மெச்சினார்கள். 2017-இல் அதே நகராட்சி புதிதாக ஒரு வீட்டுவசதி நிறுவனத்தைத் தொடங்கவேண்டியதாயிற்று!

2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளும் ஜெர்மனியின் பொருளாதாரம் சுருங்கியது. அந்த நெருக்கடிக்கு நடுவே, 2024 ஆகஸ்ட் 20 அன்று தைவானின் டி.எஸ்.எம்.சி கூட்டு நிறுவனத்தின் ஆலைக்கு டிரெஸ்டனில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஆயிரம் கோடி யூரோவுக்கு மேற்பட்ட முதலீட்டில் அரசு உதவி 500 கோடி. மூன்றே வாரத்தில், செப்டம்பர் 11 அதிகாலை, அதே நகரின் கரோலா பாலத்தின் ஒரு பகுதி எல்ப ஆற்றில் விழுந்தது. 1971-இல் முடிந்த கட்டுமானத்தின்போதே எஃகுக் கம்பிகளில் தொடங்கிய அரிப்பே காரணம் என்றனர் ஆய்வாளர்கள். 2025 மார்ச்சில் ஜெர்மன் நாடாளுமன்றம் கடன் வரம்பைத் தளர்த்தி, 50,000 கோடி யூரோ கட்டமைப்பு நிதிக்கு வழிவிட்டது. பாலத்தின் எஞ்சிய பகுதிகளும் அவ்வாண்டு இடித்து அகற்றப்பட்டன.