வன்னி நூலகங்களும் கோகாவின் தேடல் இணைப்புகளும்

1. ஆய்வுப் பொருள்

2009இல் முடிந்த இலங்கை உள்நாட்டுப் போரில் வன்னியின் கிளிநொச்சி, முல்லைத்தீவு நூலகங்கள் தம் தொகுப்புகளை இழந்தன. பின்னர் சேர்ந்தவற்றில் அன்பளிப்பு நூல்கள் நிறைய. அவை பெட்டி பெட்டியாக வரும். பட்டியலாக்கத்துக்கு ஆள் இராது. வேறொரு நூலகம் ஏற்கெனவே செய்துவைத்த பதிவை இறக்கிக்கொள்வதே இதற்கு வழி. 1999இல் நியூசிலாந்தின் ஹொரோவெனுவா நூலகங்களுக்காக எழுதப்பட்ட இலவச மென்பொருளான கோகா, இசட் 39.50 என்ற நெறிமுறையால் இதைச் செய்கிறது.

2. இணைப்பை அமைத்தல்

நிர்வாகப் பக்கத்தில் சேவையக முகவரி, போர்ட் எண், தரவுத்தளப் பெயர், எழுத்துக் குறியீடு, காத்திருப்பு நேரம், வரிசை எண் ஆகியவற்றை நிரப்ப வேண்டும். இவற்றில் தொல்லை தருவது போர்ட் எண். வழக்கமான எண் 210. இணையப் பக்கங்கள் எல்லாம் திறக்கும், தேடல் மட்டும் வெறுமையாகத் திரும்பும் என்றால், நிறுவனத்தின் ஃபயர்வால் அந்த எண்ணை அடைத்திருக்கக்கூடும். கோகாவைக் குறைசொல்லுமுன் வலையமைப்புப் பொறுப்பாளரைக் கேட்பது நல்லது.

கிடைத்த சேவையகங்களை எல்லாம் பட்டியலில் ஏற்றும் வழக்கம் வீண். மெதுவான இணைப்பில் மூன்று நான்கு போதும். பதில் தராதவற்றை நீக்கிவிடலாம்.

3. தமிழ்ப் பதிவுகள்

சிக்கலின் வேர் இங்கேதான். பழைய மார்க்-8 குறியீட்டில் தமிழ் எழுத்தே இல்லை; தமிழ்ப் பதிவுக்கு யுடிஎஃப்-8 வேண்டும். சேவையகம் அனுப்பும் குறியீடு ஒன்றாகவும் நாம் தெரிவுசெய்தது வேறாகவும் இருந்தால் தலைப்பு சிதைந்து வரும்.

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் தமிழ் நூல்கள் ஏராளம். ஆனால் பதிவுகள் பெரும்பாலும் உரோமன் எழுத்திலேயே உள்ளன. சிலப்பதிகாரம் அங்கே ‘எஸ்’ (S) எழுத்தில் தொடங்காது, ‘சீ’ (C) எழுத்தில் தொடங்கும். ஐஎஸ்பிஎன் கொண்டு தேடினால் இந்தக் குழப்பம் இல்லை. 955, 624 என்னும் இலங்கை எண்கள் உள்ள நூல்களுக்கு அதுவே முதல் வழி. எண்ணே இல்லாத பழைய பதிப்புகளுக்கு அதுவும் உதவாது.

4. முடிபு

பிரதேச கலாசார விழா மலர், பாடசாலை ஆண்டு மலர், நினைவு மலர் போன்றவற்றின் பதிவை வெளிநாட்டுச் சேவையகங்களில் எதிர்பார்க்க முடியாது. அவற்றை வன்னியில்தான் ஆக்க வேண்டும். கோகா பிறர் பதிவைப் பெறுவதோடு நிற்பதில்லை. தன் பட்டியலையும் பிறர் தேடத் திறந்துவிடும். 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகமும், கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடங்களும் தமிழ் எழுத்திலான பதிவுகளுக்கு அத்தகைய பொதுச் சேவையகம் ஒன்றை நடத்த முன்வர வேண்டும். பிரதேச சபை நூலகங்கள் தம் பட்டியலில் அதற்கே முதலிடம் கொடுக்கட்டும்.