எந்தக் கர்ணன், எந்த ஆண்டு?

கோவில்பட்டியில் ஆய்வுக்கட்டுரை எழுதும் தம்பிகள் இருவர் என் முன்னாலேயே சண்டை போட்டார்கள். இருவருமே ‘கர்ணன்’ படத்தை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். கதை நடப்பது 1997 என்கிறான் ஒருவன். தொண்ணூறுகளின் பிற்பகுதி என்கிறான் மற்றவன். “மொத நாளே தியேட்டர்ல பாத்தேண்ணே, தொண்ணூத்தேழுன்னுதான் போட்டான்.” “நான் போன்ல பாத்தேன், அப்படி எதுவும் இல்லையே.”

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. மாரி செல்வராஜின் படம் 2021 ஏப்ரல் 9 அன்று வெளிவந்தபோது 1997இன் முற்பகுதி என்றே காட்டியது. கொடியங்குளத்துக்குள் போலீஸ் புகுந்ததோ 1995 ஆகஸ்ட் 31, அப்போது அ.தி.மு.க. ஆட்சி. 1997இல் தி.மு.க. ஆட்சி. உதயநிதி ஸ்டாலின் இதைச் சுட்டிக்காட்டினார். சில நாட்களில் எழுத்து மாறியது. மாறிய பிறகும் 1995 வரவில்லை. எந்தக் கட்சி ஆட்சியில் நடந்தது என்பதே பேச்சானது. அடிபட்ட ஊர்ச்சனத்தின் கணக்கை யார் கேட்டார்கள்?

1997ம் நமக்கு வெறும் எண் அல்ல. ஒட்டப்பிடாரம் கரிசலில், கவர்னகிரியில் பிறந்த வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரைப் போக்குவரத்துக் கழகத்துக்கு வைத்ததை ஆதிக்க சாதியினர் எதிர்க்க, தென்மாவட்டங்கள் பற்றி எரிந்த ஆண்டு அது. கடைசியில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர் பெயர்களை அரசு எடுத்துவிட்டது. வ.உ.சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடி மாவட்டம் ஆனது அப்படித்தான். இந்த ஆண்டை அந்த ஆண்டின் மேல் ஒட்டினால் இரண்டு வரலாறும் அழியும்.

ஆகவே, படத்தைக் குறிப்பிடும்போது பெயர், இயக்குநர், தயாரிப்பு நிறுவனம், வெளிவந்த ஆண்டு நான்கும் வேண்டும். ‘கர்ணன்’ என்று மட்டும் எழுதினால் பி.ஆர்.பந்துலுவின் 1964 கர்ணனும் வந்து நிற்பான், சிவாஜி உருவில். அடுத்து, பார்த்தது தியேட்டர் பிரதியா, இணையப் பிரதியா, எந்தத் தேதியில் பார்த்தது என்று எழுத வேண்டும். புத்தகத்துக்குப் பக்க எண் மாதிரி, காட்சிக்கு மணி, நிமிடம், நொடி.

இன்னொன்று. படத்தில் வருவது பொடியங்குளம், அது புனைவு. கொடியங்குளத்தில் நடந்ததற்குப் படம் ஆதாரமாகாது. அதற்குக் கோமதிநாயகம் ஆணைய அறிக்கை இருக்கிறது, உண்மை அறியும் குழுக்களின் அறிக்கைகள் இருக்கின்றன, எல்லாவற்றுக்கும் மேலாக ஊர்மக்களின் வாக்குமூலம் இருக்கிறது. ஆணையத்தோடு மக்கள் சொல் முரண்படும் இடத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். கால் நூற்றாண்டு கழித்து அந்த நினைவை எப்படிச் சொன்னோம் என்பதற்குத்தான் படம் ஆதாரம்.

‘இதெல்லாம் ஒரு விஷயமாண்ணே’ன்னு தம்பி கேட்டான். விஷயந்தான். நம்ம கட்டுரையில் ஒரு ஆண்டு தப்பாக இருந்தால் போதும், ‘இவனுக எழுதுறதே இப்படித்தான்’ என்று மொத்தத்தையும் தூக்கிப் போட ஆள் இருக்கிறது. வளைகுடாவில் உழைத்துச் சேர்த்த பொருளை உடைத்ததோடு கடவுச்சீட்டையும் படிப்புச் சான்றிதழையும் போலீஸ் விட்டுவைக்கவில்லை என்றுதான் கொடியங்குளத்து மக்கள் சாட்சி சொன்னார்கள். நம் கையிலிருக்கும் காகிதம் என்ன செய்யும் என்று அழித்தவனுக்குத் தெரிந்திருக்கிறது. எழுதுகிற நமக்கும் தெரிய வேண்டாமா?