பெஷ்டிகோ என்ற ஊரும் குவியலுக்கு வைத்த தீயும்



பங்குனி பிறந்தாலே நம் பக்கத்தில் நிலம் திருத்தும் வேலை தொடங்கிவிடும். ஜேசிபியை விட்டுச் சீமைக் கருவேலத்தை வேரோடு தள்ளி, வரப்போரம் மலைபோலக் குவித்து, காய்ந்ததும் ஒரு தீக்குச்சி. அந்தக் குவியல்களின் படங்களை உங்களில் சிலர் வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்புகிறீர்கள். அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஓர் அமெரிக்க ஊர்தான் நினைவுக்கு வரும். எட்டாம் வகுப்பு வரை நான் நடத்திய சமூக அறிவியல் புத்தகம் எதிலும் அந்த ஊர் வந்ததில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

ஊரின் பெயர் பெஷ்டிகோ. உலக வரைபடத்தில் அமெரிக்காவின் ஐம்பெரும் ஏரிகளைத் தேடுங்கள். மிச்சிகன் ஏரியின் தென்மேற்குக் கரையில் சிகாகோ இருக்கும். அங்கிருந்து வடக்கே ஏறத்தாழ 400 கிலோமீட்டர் போனால் விஸ்கான்சின் மாநிலத்தில் ஓர் ஆற்றங்கரையில் இந்த ஊர். 1871இல் அங்கே சுமார் 1,700 பேர் இருந்தார்கள். சுற்றிலும் பைன் காடு. மரம் அறுப்பதும், மர வாளி, மரத் தொட்டி செய்வதும்தான் தொழில். வீடுகள் மரம், நடைபாதை மரம், ஆற்றுப் பாலம் மரம். தெருவெல்லாம் மரத்தூள்.

அந்தக் காலத்தில் அங்கே குடியேறியவர்களுக்குத் தீ ஒரு வேலையாள் மாதிரி. மரம் வெட்டுபவர்கள் அடிமரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கிளையையும் தழையையும் போட்ட இடத்திலேயே விட்டுவிடுவார்கள். விவசாயி அவற்றையும் தூர்க்கட்டைகளையும் குவித்துக் கொளுத்தி நிலமாக்குவார். வடக்கு நோக்கி ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்த கூலியாட்களும் வழியிலிருந்த மரத்தையும் புதரையும் வெட்டி அங்கங்கே எரித்துக்கொண்டே போனார்கள். மற்ற ஆண்டுகளில் மழையும் பனியும் மிச்சத் தீயை அணைத்துவிடும். தீ வைத்தவன் திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்காது. அந்தப் பழக்கம்தான் அவர்களைக் கெடுத்தது என்பது என் கருத்து.

1871 கோடையில் மழை மிகக் குறைவு. சதுப்பு நிலம்கூட வறண்டு, மண்ணுக்கடியில் மக்கிய தழையும் வேரும் கனல ஆரம்பித்தன. செப்டம்பர் கடைசியிலேயே ஒருமுறை தீ ஊரை நெருங்கியது. ஆண்கள் கூடி அணைத்தார்கள். பீப்பாய்களில் தண்ணீர் நிரப்பி வைத்தார்கள். அதன்பிறகும் குவியல் எரிப்பது நிற்கவில்லை. புகை தினசரி வாழ்க்கையில் சேர்ந்துவிட்டது. நம் ஊர்க் குப்பைமேட்டுப் புகைக்கு நாம் பழகிவிட்டதுபோல.

அக்டோபர் 8, ஞாயிற்றுக்கிழமை. இரவில் மேற்கிலிருந்து பெருங்காற்று வந்தது. காட்டில் அங்கங்கே தனித்தனியாகக் கிடந்த சிறுசிறு தீயெல்லாம் அந்தக் காற்றில் ஒன்றாகச் சேர்ந்தது. யாரும் புதிதாகத் தீ வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். எல்லாம் ஏற்கெனவே வைத்த தீ, அணைந்துவிடும் என்று விட்டுப்போன தீ. சுமார் ஒரு மணி நேரத்தில் ஊரே இல்லை.

அங்கே பீட்டர் பெர்னின் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் இருந்தார். அவர் தப்பித்து, பிறகு தம் அனுபவத்தை எழுதி 1874இல் வெளியிட்டார். ஜனங்கள் ஆற்றை நோக்கி ஓடியிருக்கிறார்கள். இந்தக் கரையில் இருந்தவர்கள் அந்தக் கரை தப்பிக்கும் என்றும், அந்தக் கரையில் இருந்தவர்கள் இந்தக் கரை தப்பிக்கும் என்றும் நினைத்து, பாலத்தின் நடுவில் மோதிக்கொண்டார்கள். பாலமும் பற்றிக்கொண்டது. கரையில் திகைத்து நின்றவர்களைப் பாதிரியார் தண்ணீருக்குள் தள்ளிவிட்டார். கழுத்தளவு நீரில் நின்று, தலைமேல் ஈரத்துணி போட்டு, மாற்றி மாற்றித் தண்ணீர் தெளித்துக்கொண்டு ஐந்து மணி நேரத்துக்கும் மேல் நின்றார்கள். மேலே அனல், கீழே அக்டோபர் மாதக் குளிர்ந்த நீர். நெருப்பிலிருந்து தப்பி அந்தக் குளிரில் இறந்தவர்களும் உண்டு.

மொத்தம் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதற்குச் சரியான கணக்கே இல்லை. ஊர்ப் பதிவேடுகளும் எரிந்துபோயின. 1,200 பேருக்குக் குறையாது, 2,400 வரை இருக்கலாம் என்கிறார்கள். அடையாளம் சொல்ல ஆளில்லாமல் சுமார் 350 பேரை ஒரே குழியில் புதைத்தார்கள். எரிந்த பரப்பு ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர். அமெரிக்க வரலாற்றில் அதிக உயிர்களைக் குடித்த காட்டுத்தீ இன்றுவரை அதுதான்.

ஆனால் உலகம் அதை மறந்துவிட்டது. காரணம், அதே இரவில்தான் சிகாகோ நகரமும் எரிந்தது. அங்கே இறந்தவர்கள் சுமார் 300 பேர். ஆனால் அது பெருநகரம், பத்திரிகைகள் இருந்த ஊர். பெஷ்டிகோவின் தந்திக் கம்பிகள் எரிந்துபோனதால் மாநிலத் தலைநகர் மேடிசனுக்குச் செய்தி போய்ச் சேரவே அக்டோபர் 10 ஆனது. ஆளுநர் அப்போது சிகாகோவுக்கு உதவப் போயிருந்தார். அவருடைய மனைவி பிரான்சிஸ் ஃபேர்சைல்டு, 24 வயதுப் பெண், சிகாகோவுக்குக் கிளம்பவிருந்த நிவாரண ரயிலை வடக்கே திருப்பி அனுப்பியதாகச் சொல்வார்கள். அமெரிக்காவில் இன்றும் தீ தடுப்பு வாரம் சிகாகோ தீயின் நினைவாகத்தான் நடக்கிறது.

"அது பழைய காலம் சார், இப்போது அவர்களிடம் எல்லாக் கருவியும் இருக்கிறது" என்று யாராவது எழுதுவீர்கள். அதற்காகத்தான் இதையும் சொல்கிறேன். 2022 ஜனவரியில், நியூ மெக்சிகோ மாநிலத்தில், அமெரிக்க வனத்துறையே வெட்டிய கிளைகளைக் குவித்து எரித்தது. பயிற்சி பெற்ற ஆட்கள், குளிர்காலம், எல்லாம் முறைப்படி. அதன்மேல் மூன்று முறை பனி பொழிந்தது. அந்தப் பனிக்கு அடியில் தீ உயிரோடு கிடந்து ஏப்ரலில் வெளியே வந்தது. சுற்றி ஒரு கோடு வெட்டி மடக்கினார்கள். காற்று அதைத் தாண்ட வைத்தது. கால்ஃப் கேன்யன் தீ என்று பெயர். வனத்துறை ஏப்ரல் 6 அன்று திட்டமிட்டு வைத்து, அதுவும் கைமீறிப்போன இன்னொரு தீயோடு இது சேர்ந்து 3,41,000 ஏக்கரை எரித்தது. அந்த மாநிலம் கண்ட மிகப் பெரிய தீ. நம் வாய்க்கால் மராமத்துபோல ஊர்கூடித் தூர்வாரும் பழைய வாய்க்கால்கள் அங்கேயும் உண்டு. அவையும் தூர்ந்து நாசமாயின. இழப்பீட்டுக்கு அரசு 2022இல் ஒதுக்கிய தொகை கிட்டத்தட்ட 400 கோடி டாலர்.

இரண்டு மூன்று மாதம் தீ எப்படி உயிரோடு இருக்கும்? இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்து உறவினர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கரிமூட்டம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். கட்டையை அடுக்கி, வைக்கோல் மூடி, ஈர மண் பூசி, ஓர் ஓட்டை வழியே தீ வைப்பார்கள். காற்று குறைவாகக் கிடைப்பதால் கொழுந்துவிட்டு எரியாது, சாகவும் சாகாது, நாள்கணக்கில் கனலும். ஜேசிபி தள்ளிய குவியலும் அதேதான். வேரோடு ஒட்டிய மண் குவியலுக்குள்ளேயே கிடக்கும். மேலே சாம்பல் ஆறியிருக்கும், உள்ளே தூர்க்கட்டையில் கங்கு இருக்கும். நாம் தெரியாமலேயே ஒரு கரிமூட்டம் போட்டுவிடுகிறோம்.

ஆகவே முதலில், எரிக்கத்தான் வேண்டுமா என்று பாருங்கள். கருவேல விறகுக்கு விலை இருக்கிறது, கரிக்காரர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள். மிச்சத்தை எரித்தே ஆகவேண்டும் என்றால் வேரிலுள்ள மண்ணை உதறிவிட்டு, ஆள் உயரத்துக்கு மேல் போகாமல் சின்னச் சின்னதாகக் குவியுங்கள். சுற்றிலும் பத்தடிக்குச் சருகு, புல் இல்லாமல் வெறும் மண்ணாகச் செதுக்குங்கள். மேலே மின்கம்பி போகக்கூடாது. பக்கத்தில் வைக்கோல் போர் கூடவே கூடாது. நாள்கணக்காகக் கிடந்த குவியலில் பாம்பு, கீரி குடியிருக்கும், ஒருமுறை கிளறிப் பாருங்கள். காற்றில்லாத காலை நேரம் போதும். ஆடிக் காற்றில் எந்தக் காரணம் சொன்னாலும் வேண்டாம். டயர், பிளாஸ்டிக் போட்டுப் பற்றவைப்பவர்களோடு நான் பேசுவதாக இல்லை.

எரிந்து முடிந்ததும் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள், அதுதான் மூட்டம். தண்ணீர் ஊற்றி, மண்வெட்டியால் கிளறி, மறுபடி ஊற்றிக் கிளற வேண்டும். புறங்கையைச் சாம்பலுக்கு அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு தெரிந்தால் வேலை முடியவில்லை. மறுநாளும், காற்று கிளம்புகிற நாளிலும் போய்ப் பாருங்கள். கைமீறினால் உடனே 101.

பெர்னின் பாதிரியாரின் நூல் ஆங்கில மொழிபெயர்ப்பில் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. சின்னப் புத்தகம்தான், ஒரே மூச்சில் படித்துவிடலாம். படித்தவர்கள் கீழே எழுதுங்கள்.